சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா வான்வழி

சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா வான்வழி என்பது சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தையும் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் பெருநகரப் பகுதியையும் இடையில் எங்கும் தரையிறங்காமல் இணைக்கும் பயணிகள் வான்வழி ஆகும். இது உலகின் மிக நீண்ட வான்வழிகளுள் ஒன்று. சாங்கிக்கும் ஜான் எஃப். கென்னடி வானூர்தி நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் ஆகும். பயண நேரம் பொதுவாக 18 முதல் 19 மணி வரை எனக் கணக்கிடப்படுகிறது.

தொலைவைக் கணித்தல்

கோளம் ஒன்றின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை எனப்படும். சாங்கி ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், கென்னடி நிலையம் 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் உள்ளன. இவற்றின் கூடுதல் 178 பாகை. இது அரைவட்டமான 180 பாகைக்கு மிக அண்மையானது. எனவே பெருவட்டப் பாதை வட முனைக்கு அருகே செல்கிறது.

சாங்கியின் அட்சரேகை 1.4 பாகை வடக்கு என்பதால் அங்கிருந்து வட முனை 88.6 பாகை தொலைவில் உள்ளது. கென்னடி நிலையம் 40.6 பாகை வடக்கில் இருப்பதால் முனையிலிருந்து அதன் தொலைவு 49.4 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் ஏறத்தாழ 15,346 கிலோமீட்டர் கிடைக்கும்.

பயண நேரம்

குறுகிய பாதையே எப்பொழுதும் விரைவான பாதையாக அமைவதில்லை. நடு அட்சரேகைகளின் உயர் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று வானூர்தியின் தரை வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 15,350 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி 3 நிமிடம் ஆகும். பின்காற்றின் துணையால் வேகம் 950 கிலோமீட்டரானால் 16,000 கிலோமீட்டரை 16 மணி 51 நிமிடத்தில் கடக்கலாம். இதனாலேயே நியூயார்க் செல்லும் வானூர்திகள் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிச் செல்கின்றன. மேலேறுதல், இறங்குதல், தரையில் நகர்தல் ஆகியவற்றுக்கான நேரமும் அட்டவணையில் சேர்க்கப்படுகிறது.

நியூயார்க்கின் நேரம் சிங்கப்பூரைவிடக் குளிர்காலத்தில் 13 மணியும் கோடையில் 12 மணியும் பின்தங்கியது. ஆகவே நள்ளிரவுக்குப் பின் சிங்கப்பூரில் புறப்படுபவர் அதே நாள் காலையில் நியூயார்க்கை அடைவார். மறுதிசையில் இரவில் புறப்படுபவருக்கு நாட்காட்டியில் இரண்டு நாட்கள் கடந்திருக்கும்.

வரலாறும் எரிபொருளும்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூன் மாதத்தில் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் நிலையத்துக்கு ஏர்பஸ் ஏ340-500 வானூர்தி மூலம் இச்சேவையைத் தொடங்கியது. நீண்ட தொலைவுக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே கூடுதல் எரிபொருள் செலவாகும். நான்கு பொறிகள் கொண்ட அவ்வானூர்திக்கு இச்செலவு பெருஞ்சுமையாயிற்று. 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது.

இரண்டு பொறிகள் மட்டுமே கொண்ட ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் வானூர்தியுடன் 2018 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கியது. இதன் எரிபொருள் கொள்ளளவு ஏறத்தாழ 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்கும் பொருட்டு இதில் 161 இருக்கைகள் மட்டுமே அமைக்கப்பட்டன. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கான சேவை தொடங்கியது.