சுகர் தானாகவே குறைகிறதா? சந்தோஷப்படாதீர்கள்!

உங்கள் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு சர்க்கரை இருக்கும் தெரியுமா? ஒரு கிண்ணம்? ஒரு கைப்பிடி? ஊஹூம்... ஒரே ஒரு டீஸ்பூன்! வெறும் வயிற்றில் 100 என்று லேப் ரிப்போர்ட்டில் வருகிறதே, அது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்ற கணக்கு. ஐந்து லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், தோராயமாக 5 கிராம்தான் தேறும். சரி, 300 என்று வந்து வீடே அலறும்போது? 15 கிராம். நார்மலான ஆளுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது இரண்டு ஸ்பூன் சர்க்கரைதான். அந்த இரண்டு ஸ்பூன் வருஷக்கணக்கில் ரத்தத்தில் சுற்றினால் கண், கிட்னி, நரம்பு, இதயம், கால் என்று ஒன்றையும் விட்டுவைக்காது.

அது கூடப் பெரிதில்லை. இந்தச் சர்க்கரை நோய் தன் கெட்ட சேதிகளில் பாதியை நல்ல சேதி வேஷத்தில் அனுப்புகிறது என்பதுதான் தலைசுற்ற வைக்கும் விஷயம்!

இருபது வருஷமாக மாத்திரை, ஊசி என்று இருந்தவருக்குத் திடீரென்று சுகர் இறங்க ஆரம்பிக்கிறது. 240 இருந்தது 140 ஆகிறது. அப்புறம் 90. மாத்திரையைப் பாதியாக்குகிறார்கள். 'அந்த ஆவாரம்பூ கஷாயம் வேலை செய்யுது பாருங்க' என்று வீட்டில் ஒரே குஷி. உள்ளே என்ன நடந்திருக்கும் தெரியுமா? கிட்னி கைவிடத் தொடங்கியிருக்கும்! வேலை முடிந்த இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்துவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊசியில் போகும் இன்சுலினுக்கு இன்னும் அதிகம். கிட்னி தளர்ந்தால் இன்சுலின் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கி, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். பட்டினி நேரத்தில் கிட்னியே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும், அந்த வரவும் குறைந்துபோகும். சுகர் நார்மல், ஆனால் கிட்னி தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் எகிறல்! காரணமில்லாமல் சுகர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கஷாயப் பாட்டிலை அல்ல, கிட்னியை.

இன்னொரு வேடிக்கை. கிட்னி கெடத் தொடங்கும் முதல் கட்டத்தில் அது முன்னைவிட அதிகமாக உழைக்கும்! சாதாரணமாக ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டும் உறுப்பு அது. சர்க்கரை ஏறிய ஆரம்ப வருஷங்களில் பலருக்கு அந்த அளவு கூடிவிடும். கிரியேட்டினின் பார்த்தால் 'ஏ ஒன்' என்றிருக்கும். அந்த நேரத்தில் உண்மையைப் போட்டு உடைப்பது சிறுநீரில் துளித்துளியாகக் கசியும் அல்புமின் என்ற புரதம் மட்டும்தான். சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 26.9 சதவீதம் பேருக்கு இந்த ஆரம்பக் கசிவு இருந்தது. நாலு பேரில் ஒருவருக்கு மேல்! அதில் எத்தனை பேர் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்களோ.

காலுக்கு வருவோம். 'அப்பா, ஒரு செருப்பைக் காணோமே?' என்று மகள் கேட்ட பிறகு, தெருமுனையிலேயே கழன்று விழுந்திருப்பதைத் திரும்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறும் தரை, ஆனால் வித்தியாசமே தெரியவில்லை. கால் விரலுக்குப் போகும் நரம்பிழை முதுகின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒற்றை இழை, அவ்வளவு தூரம்! சர்க்கரை முதலில் அடிப்பது இந்த நீளமான இழைகளின் நுனியைத்தான். அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி மேலே மேலே ஏறுகிறது. ஏறக்குறைய முழங்கால் உயரத்தைத் தொடும் சமயத்தில் கைவிரல் நுனிகள் மதமதக்கத் தொடங்கும். நீளக் கணக்கு அப்படி!

இங்கேயும் ஒரு பொய்யான நல்ல சேதி உண்டு. ராத்திரி போர்வை பட்டால்கூட எரிகிற பாதம், ஒரு கட்டத்தில் எரிவதை நிறுத்திவிடும். மருந்தால் நின்றால் சரி. மருந்தில்லாமல் தானாக நின்றால், பலருக்கு நரம்பு குணமாகவில்லை. கத்திக் கத்திச் செத்துவிட்டது!

வலி போனால் என்ன ஆகும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஓர் ஆங்கிலேயர், டாக்டர் பால் பிராண்ட்! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கை நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். நோய்தான் சதையைத் தின்கிறது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ராத்திரி கண்விழித்துக் கவனித்தபோது உண்மை தெரிந்தது... எலி! தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, அவருக்கோ உறைக்கவே இல்லை. அப்புறம் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்களாம்! பிற்பாடு பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உணர்விழந்த காலைக் காப்பாற்ற வேலூரில் கற்ற பாடம் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அப்படியே பொருந்தியது. புண் ஆறுவதற்காகப் பாதத்தோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு, ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் முறை அங்கிருந்துதான் சர்க்கரை நோய் மருத்துவத்துக்குள் பரவியது. இன்றைக்கும் உள்ளங்கால் புண்ணுக்கு மிகச் சிறந்த வைத்தியங்களில் அது ஒன்று!

நம் ஊரில் எலிக்குப் பதிலாக வேறு வில்லன்கள். சித்திரை மாத மத்தியானம் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பைக்கின் சைலன்சர். கால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று மகன் வைத்துக்கொடுத்த வெந்நீர் பக்கெட். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஒட்டும் கால் ஆணி பிளாஸ்டர் இருக்கிறதே, அதில் இருப்பது தோலை அரிக்கும் அமிலம். உணர்விருந்தால் 'சுருக்'கென்றதும் பிய்த்துப் போடுவோம். இல்லாதவர் ஒட்டிக்கொண்டே இருப்பார்.

இதைவிட விநோதம் பாத எலும்பு நொறுங்கியபடியே மனிதர் நடந்துபோவது! சார்கோ பாதம் என்று பெயர். ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இருக்கும். வலி? பெரிதாக ஒன்றுமிருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே எலும்புகள் உடைந்து இடம் மாறிக் கிடக்கும். அப்படியே நடந்தால் பாதத்தின் வளைவு இறங்கிப் படகின் அடிபோலப் புடைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஒற்றைக் கால் சுட்டால் அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் மறக்காதீர்கள்.

கண்ணுக்கு வந்தால் அங்கேயும் அதே வேஷம்! அறுபது வயதுக்காரர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். 'பார்வை திரும்பிடுச்சு!' இல்லை ஐயா, சுகர் எகிறியிருக்கிறது. ரத்தச் சர்க்கரை கூடும்போது கண் லென்ஸுக்குள் சர்க்கரையும் நீரும் சேர்ந்து கிட்டப்பார்வை உண்டாகிறது. கிட்டப்பார்வைக்காரருக்குப் படிக்கக் கண்ணாடி எதற்கு? சிகிச்சை தொடங்கிச் சுகர் இறங்கியதும் தலைகீழாகிக் கொஞ்ச நாள் மங்கலாகத் தெரியும். அந்த நேரத்தில் ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினால் சில வாரத்தில் அது பெட்டிக்குள் தூங்கும்.

லென்ஸ் சமாசாரம் விளையாட்டு. விழித்திரை அப்படியல்ல, அங்கே ரத்தம் கசிவதும் புதுக் குழாய்கள் தாறுமாறாக முளைப்பதும் பார்வையைப் பறிக்கிற வரை தெரியாமலே நடக்கும். அதற்கான ஒளிக்கதிர்ச் சிகிச்சை ஒரு சூரிய கிரகணத்தில் பிறந்தது என்றால் நம்புவீர்களா? 1945 ஜூலை 9. ஜெர்மனியில் வெறும் கண்ணால் கிரகணத்தைப் பார்த்த ஒரு மருத்துவ மாணவருக்கு விழித்திரை பொசுங்கிவிட்டது. அவரைப் பரிசோதித்த இளம் கண் மருத்துவர் கெர்ஹார்ட் மேயர்-ஷ்விக்கராத்துக்கு ஒரு யோசனை: பொசுக்கும் வெளிச்சத்தையே வைத்தியமாக்கினால்? கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள்ளேயே பாய்ச்சினார்! மேகம் மறைத்தால் அன்றைக்குச் சிகிச்சை கிடையாது. பிறகு செனான் விளக்கு வந்தது, பிறகு லேசர். விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுட்டு, நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். ஓரத்தின் ஆக்சிஜன் தேவை குறைந்தால் புதுக் குழாய் முளைப்பதும் அடங்குகிறது.

லேசர் வருமுன் என்ன செய்தார்கள் தெரியுமா? மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். டென்மார்க்கில் ஒரு சர்க்கரை நோயாளிப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்தது. கூடவே கண்ணிலிருந்த ரத்தக் கசிவும் மறைந்தது. டாக்டர் போல்சன் 1953இல் இதை எழுதிய பிறகு, பார்வையைக் காக்க மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியையே வேண்டுமென்று அழிக்கும் சிகிச்சையை டாக்டர்கள் செய்தார்கள்! லேசர் வந்ததும் அந்தக் கொடுமை முடிவுக்கு வந்தது.

இன்றைக்கோ விழித்திரை பாதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு போட்டோ போதும். 2016இல் கூகுள் உருவாக்கிய கணினி மூளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆஸ்பத்திரிகளின் விழித்திரைப் படங்களும் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து அதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வு, விழித்திரைப் படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்றே சொல்லிவிட்டது. கண் டாக்டர்களுக்கே முடியாத வேலை அது!

கைகூப்பி வணக்கம் சொல்லிப் பாருங்கள். உள்ளங்கைகள் முழுக்க ஒட்டுகின்றனவா? வருஷக்கணக்கான சர்க்கரையில் விரல் மூட்டுகள் விறைத்தவர்களுக்கு நடுவில் இடைவெளி விழும். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் கும்பிடச் சொன்னால் வியக்காதீர்கள். கை விறைத்தவருக்குக் கழுத்து மூட்டும் விறைத்து, மூச்சுக்குழாய்க்குள் டியூப் செருகுவது சிரமமாகலாம்.

மாரடைப்பும் வலிக்காமல் வரும், அதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறும் வியர்வை, மூச்சு வாங்கல், 'கேஸ் மாதிரி இருக்கு'... அவ்வளவுதான். கேள்விப்படாதது லோ சுகர் சங்கதி. அடிக்கடி சுகர் தாழ்ந்தால் மூளை அதற்குப் பழகிவிடும். நடுக்கம், படபடப்பு ஒன்றும் இல்லாமல் நேராக மயக்கம்! பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் அந்தப் படபடப்பை அமுக்கிவிடும். ஆனால் வியர்வையை மட்டும் அவற்றால் அமுக்க முடியாது. அந்த மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குக் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள். ஆறுதலான சேதி: சில வாரங்கள் லோ சுகரே வராமல் பார்த்துக்கொண்டால் போன எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பிவிடும்.

மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி கூடப் பொய் சொல்லும் தெரியுமா? சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில் அந்தக் கணக்கு நிற்கிறது. கிட்னி கெட்டவருக்குச் சிவப்பணுவின் ஆயுள் குறைந்துவிடும். சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது. ரிப்போர்ட் அழகாக வரும்!

மருந்துக்கு வருவோம். 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை உட்கொண்டால் சர்க்கரை சிறுநீரில் கொட்டும். அதன் வாரிசுகள்தான் இன்று டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சிறுநீரில் இனிப்பு வந்தால் நோய் என்று காலகாலமாகச் சொன்னார்கள். இப்போது அதை வரவழைப்பதே மருந்து! கிட்னியையும் இதயத்தையும் அது காக்கவும் செய்கிறது. ஆனால் நம் கதையின் வழக்கப்படி இதிலும் ஒரு வேஷம்: அபூர்வமாகச் சிலருக்குச் சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு வந்தால் 'சுகர் 180தானே' என்று இருந்துவிடாமல் கீட்டோன் பரிசோதியுங்கள்.

உடம்புக்கு ஞாபகசக்தியும் உண்டு! அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வு 1993இல் முடிந்தது. ஊசி இன்சுலினிலேயே வாழும் முதல் வகை நோயாளிகள் அவர்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண் பாதிப்பு தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு இரு அணிக்கும் சுகர் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முன்பு ஒழுங்காக இருந்தவர்களுக்கே பல வருஷம் கழித்தும் மாரடைப்பு உள்ளிட்ட இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் 42 சதவீதம் குறைவு! ஆரம்ப வருஷங்களின் கட்டுப்பாட்டை உடம்பு வரவு வைத்துக்கொள்கிறது.

இன்று ராத்திரி வீட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளியைக் கண்மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளில் உங்கள் ஆள்காட்டி விரலை ஓரிரு விநாடி லேசாக வையுங்கள். அழுத்தாதீர்கள், தேய்க்காதீர்கள். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லட்டும். ஆறில் இரண்டு இடத்திலாவது தெரியவில்லை என்றால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காலைக் காட்டுங்கள். விழித்திரைப் படமும் சிறுநீர் அல்புமின் டெஸ்டும் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதையும் கையோடு முடித்துவிட்டு வாருங்கள்.