50 நாள் வட்டியில்லை, எல்லாப் பொருளுக்கும் அல்ல

கிரெடிட் கார்டு விற்க வருகிறவர் முதலில் சொல்வது, ‘50 நாள் வரை வட்டி கிடையாது’ என்பதைத்தான். பொய்யில்லை. ஆனால் அந்த 50 நாளும் கிடைப்பது நீங்கள் எந்தத் தேதியில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதாமாதம் 10-ஆம் தேதி பில் போடும் கார்டு, கட்டுவதற்கு அதிலிருந்து 20 நாள் கெடு என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 11 அன்று வாங்கிய மிக்ஸிக்குச் செப்டம்பர் 30 வரை நேரம் உண்டு. ஒரு நாள் முந்தி வாங்கியிருந்தால் ஆகஸ்ட் 30-க்குள் கட்டியாக வேண்டும், 20 நாள்தான்.

சம்பளத் தேதியையும் பார்க்க வேண்டும். 1-ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு 28-ஆம் தேதி கெடு என்றால், கை காய்ந்திருக்கும் நேரத்தில் பில் வந்து நிற்கும். பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. கேட்டு வாங்கலாம்.

பணம் கரைவது ‘மினிமம் டியூ’வில். 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 கட்டினால் போதும் என்பதுபோல இருக்கும் அது. கட்டினால் தாமதக் கட்டணம் தப்பும், அவ்வளவுதான். வட்டி, கெடு தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். பாக்கி தீரும்வரை, புதிதாக வாங்கும் காப்பித்தூளுக்கும் முதல் நாளே வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. வங்கி நகைக்கடன் வட்டி இதில் பாதிகூட வராது! கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த வரம்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஏடிஎம்மில் எடுக்கும் ரொக்கத்துக்குப் பெரும்பாலான கார்டுகளில் சலுகை நாளே இல்லை.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யிலும் வங்கி வட்டியை வாங்கத்தான் செய்கிறது, அந்தத் தொகையை விற்பவர் விலையில் கழித்துக் காட்டுகிறார். வட்டிக்கான ஜிஎஸ்டியும், இருந்தால் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவருக்கு வட்டி விகிதம் பொருட்டே இல்லை. ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண கார்டே போதும். பாக்கி வைக்கும் பழக்கமுள்ளவருக்கு எந்த கார்டும் வட்டியில்லா கார்டு ஆகாது. ஆட்டோ டெபிட் கொடுக்கும்போது ‘முழுத் தொகை’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘மினிமம் டியூ’வும் அதே இடத்தில்தான் இருக்கும்.