வீட்டு முயலும் ஏட்டு முயலும்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். அந்தச் சுரைக்காயைப் போலவே, ஏட்டில் மட்டுமே வாழும் விலங்குகளும் உண்டு. சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயல், காக்கையிடம் வடையைப் பறித்த நரி, மீன்களை ஏமாற்றி நண்டிடம் மாட்டிக்கொண்ட கொக்கு என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிந்தித்துப் பார்த்தால் இவை விலங்குகளே அல்ல. நரி என்றால் தந்திரம், சிங்கம் என்றால் செருக்கு, கழுதை என்றால் மடமை. மனிதக் குணங்களுக்கு விலங்கின் தோலைப் போர்த்தி அனுப்பினார்கள் நம் முன்னோர். நீதி சொல்ல அது போதும். அந்த முயல் எதைத் தின்றது, எங்கே உறங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

கதை உலகில் இன்னொரு வகை விலங்குகளும் உள்ளன. எழுத்தாளரின் வீட்டில் ஓடியாடி, அவர் கையால் தின்று, அவர் மடியில் உறங்கி, பிறகு அவர் எழுதிய கதைக்குள் குடியேறியவை அவை. வீட்டில் இருந்த விலங்கு கதைக்குள் எப்படிப் போகிறது? வளர்த்தவரின் அன்பு ஒன்றே அதற்குப் போதுமா? இக்கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

கேள்வி பிறந்த இடம்

சென்ற ஆண்டு நம் கல்லூரி மலருக்காக ஒரு சிறுகதை எழுதினேன். எங்கள் வீட்டில் கருப்பி என்றொரு வெள்ளாடு இருந்தது. பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த குட்டி. புட்டிப்பால் ஊட்டி வளர்த்தோம். நான் கல்லூரியில் சேர்ந்தபோது விடுதி முன்பணத்துக்காக அதை விற்க வேண்டியதாயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஏறிய முதல் படியே கருப்பியை விற்ற பணம்.

என் கதையில், சந்தைக்குப் போகும் வழியில் கருப்பி நின்று திரும்பிப் பார்க்கும். "நீ நன்றாகப் படி, எனக்காக வருந்தாதே" என்று தூய தமிழில் பேசும். பிறகு மேல் முன்பற்களால் கீழுதட்டைக் கடித்துத் துயரத்தை அடக்கிக்கொள்ளும். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதை ஆடு சொல்லிற்றா, நீ சொல்ல வைத்தாயா?" என்னால் விடை சொல்ல முடியவில்லை.

விடுமுறையில் அதே கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பாதியிலேயே சிரித்துவிட்டார். "காலேஜில என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க? ஆட்டுக்கு மேல ஏது முன்பல்லு?" என்றார். ஆட்டின் பல் வாய்பாட்டில் மேல் வெட்டுப்பல் சுழியம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! கீழ்வரிசைப் பல்லைப் பார்த்து, இது இரண்டு பல் ஆடு, இது நாலு பல் ஆடு என்று வயது சொல்பவர் அம்மா. கருப்பியை நான் நேசித்தது உண்மை. ஆனால் அதன் வாயைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அன்று முதல், வளர்த்த விலங்கைக் கதையாக்கி வெற்றி கண்டவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

மாடியறை விலங்குகள்

அப்படித் தேடியபோது கிடைத்தவர் இங்கிலாந்து நாட்டுப் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார். 1866-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கு ஆசிரியை வந்து சொல்லிக்கொடுத்தார். ஓரொத்த தோழியர் குறைவு. அவருக்கும் தம்பி பெர்ட்ராமுக்கும் துணையாக இருந்தவை மாடியறையில் வளர்ந்த முயல், சுண்டெலி, தவளை, பல்லி, ஆமை, வௌவால், முள்ளெலி முதலியவைதாம். நம் விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் இருப்பவற்றுள் பாதி அங்கே உயிரோடு இருந்தன என்றால் மிகையாகாது.

இவ்விருவரும் அவற்றைக் கொஞ்சி மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. உற்றுப் பார்த்து வரைந்தார்கள். செத்த விலங்கைக் கொதிக்க வைத்து, எலும்புகளைப் பிரித்தெடுத்து, அடுக்கிப் பார்த்து அதையும் வரைந்தார்கள். கேட்கக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் பின்னாளில் அவர் வரைந்த முயல், சட்டை போட்டுக்கொண்டு நின்றாலும் முயலாகவே நிற்பதற்குக் காரணம், சட்டைக்குள் இருக்கும் எலும்பு அவருக்குத் தெரிந்திருந்ததே.

அவர் வளர்த்த முயல்களுள் இரண்டு புகழ் பெற்றவை. முதலாவது பெஞ்சமின் பவுன்சர். வெண்ணெய் தடவிய சூடான வாட்டிய ரொட்டி அதற்கு உயிர். தேநீர் மணி ஒலித்தால் கூடத்துக்கு ஓடிவரும். 1890-இல் பெஞ்சமினை மாதிரியாக வைத்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களுக்கு ஆறு பவுன் கிடைத்தது. அதுவே அம்மையாரின் முதல் சம்பாத்தியம். நன்றிக்கடனாக முயலுக்குச் சணல் விதை ஒரு கோப்பை கொடுத்தார். மறுநாள் அது போதையேறி, வரைவதற்குப் பிடிகொடுக்கவே இல்லையாம்! இதைத் தம் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டாவது பீட்டர் பைப்பர். நாலரை ஷில்லிங்குக்குக் கடையில் வாங்கியது. வளையத்துக்குள் தாவும், மணியடிக்கும். உலகக் குழந்தைகள் அறிந்த 'பீட்டர் முயல்' இதுதான்.

ஒரு கடிதம் நூலான கதை

1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அம்மையார் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தார். அவருடைய பழைய ஆசிரியையின் மகன் நோயல் மூர் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் அப்போது நோயுற்றுக் கிடந்தான். அவனுக்கு எழுதுவதற்குச் செய்தி ஏதும் இல்லாததால், நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அக்கடிதத்தைத் திரும்ப வாங்கி நூலாக விரித்தார். பதிப்பாளர் பலர் மறுத்துவிட்டனர். 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு பிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அதன்பின் அந்நூல் பல மொழிகளில் கோடிக்கணக்கில் விற்றது.

அந்த 250 படிகள் அச்சான 1901-ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் உண்மைப் பீட்டர் இறந்தது. அம்மையார் தம்மிடமிருந்த படி ஒன்றில் அதன் நினைவாகச் சில வரிகள் எழுதினார். அதன் அறிவிலும் உரோமத்திலும் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் குணத்தில் இனியது, இனிய தோழன் என்பது அவ்வரிகளின் கருத்து. இறந்த செல்லத்தைப் பற்றி எழுதும்போதும் அதன் குறையை மறைக்கவில்லை! நானோ கருப்பியைத் தியாகச் சுடராக ஆக்கியிருந்தேன்.

கதையிலும் இதே நேர்மைதான். தோட்டத்துக்குப் போகாதே என்று எச்சரிக்கும் தாய் முயல், உன் தகப்பன் அங்கேதான் பிடிபட்டுப் பணியாரத்துக்குள் போனான் என்கிறது. பீட்டர் நீலச் சட்டையும் காலணியும் அணிந்து மனிதப் பிள்ளைபோல் இரண்டு காலில் நடந்து போகிறது. தோட்டக்காரர் துரத்தும்போது காலணிகள் கழன்று விழுகின்றன. நான்கு காலில் ஓடத் தொடங்கியதும் வேகம் கூடுகிறது. வலையில் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொள்கிறது. சட்டையை உதறிய பிறகே தப்புகிறது. ஆடை போனதும் முயல் திரும்பி வந்துவிடுகிறது! உடுத்தியது மனிதச் சட்டை. உயிர் காத்தது முயலின் கால். வளர்த்துப் பார்த்தவரால் அல்லாமல் இப்படி எழுத முடியுமா?

1905-இல் வந்த சலவைக்கார முள்ளெலிக் கதையும் அப்படியே. (முள்ளெலி நம் தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களிலும் உண்டு.) அதற்கு மாதிரியாக இருந்தது அவருடைய செல்ல முள்ளெலி. மடியில் தூங்கவிட்டால் அதற்குப் பரம சந்தோஷம். அரைமணி நேரம் நிமிர்த்தி உட்கார வைத்தாலோ முதலில் பாவமாகக் கொட்டாவி விடும், பிறகு கடிக்கும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். ஆகவே உடைகளை வரைவதற்கு ஒரு பொம்மையைச் செய்து வைத்துக்கொண்டார்.

அறிவியல் இழந்தது, இலக்கியம் பெற்றது

இந்தப் பார்வை விலங்கோடு நிற்கவில்லை. அவர் காளான்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1897 ஏப்ரல் 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் அளிக்கப்பட்டது. ஆனால் அவரால் அங்கே போக முடியவில்லை. பெண்களுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. வேறொருவர்தான் அவர் சார்பில் அளித்தார். அது அச்சேறவும் இல்லை. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1997-இல்தான், அவர் முறையாக நடத்தப்படவில்லை என்பதைச் சங்கம் ஒப்புக்கொண்டது. நம் வகுப்பில் நுண்ணோக்கி முன் அமரும் மாணவியர் இதை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதை விற்ற வருமானமும் அவருக்குப் பண்ணை வாங்க உதவியது. 1905-இல் இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகள் நிறைந்த மாவட்டத்தில் முதல் பண்ணையை வாங்கினார். பிற்காலத்தில் ஹெர்ட்விக் என்னும் மலைச் செம்மறியாடுகளை வளர்ப்பதில் பேர்பெற்றார். 1943-இல் மறைந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நாட்டுப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்.

காப்பாற்ற முடியாத பன்றி

பாட்டர் அம்மையாரின் வீட்டு விலங்குகள் செல்லப் பிராணிகள். ஆனால் விற்பதற்கும் அறுப்பதற்கும் வளர்க்கும் வீடுகளில் என்ன செய்வது? என் கேள்வி அங்கேதான் உறுத்தியது. அமெரிக்க எழுத்தாளர் இ. பி. வைட் அதற்கு விடை சொன்னார். மெய்ன் மாநிலத்தில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. இளவேனிலில் பன்றிக்குட்டி வாங்கி, கோடை முழுதும் வளர்த்து, குளிர்காலத்தில் இறைச்சிக்கு அறுப்பது அங்கே வழக்கம். 1947-இல் அவருடைய பன்றி நோயுற்றது. அறுக்க வேண்டிய அதே பன்றிக்கு இரவு பகலாக மருத்துவம் பார்த்தார். அது பிழைக்கவில்லை. அத்துயரை 1948-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். 1952-இல் 'சார்லட்டின் வலை' என்னும் கதை வந்தது. அதில் அறுக்கப்பட வேண்டிய பன்றியை ஒரு சிலந்தி காப்பாற்றுகிறது.

அந்தச் சிலந்தியும் அவர் கொட்டகையில் இருந்ததுதான். அது கட்டிய முட்டைப் பையை அறுத்தெடுத்து, மிட்டாய்ப் பெட்டியில் வைத்து நியூயார்க் வீட்டுக்குக் கொண்டுபோனார். சில வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்து, படுக்கையறையில் அவருடைய சீப்பு, கண்ணாடியெல்லாம் நூல் கட்டின. பிறகு சிலந்தியியல் நூல்களைத் தேடிப் படித்தார். கதைச் சிலந்தியின் முழுப்பெயரில் வரும் 'கவாட்டிகா', அரேனியஸ் கவாட்டிகஸ் என்னும் சிற்றினப் பெயரிலிருந்து எடுத்தது. அந்தச் சிலந்தி தன் காலின் ஏழு கணுக்களையும் காக்சா முதல் டார்சஸ் வரை வரிசையாகச் சொல்கிறது! பூச்சியின் இரத்தத்தைக் குடித்தே வாழ்கிறேன் என்று மறைக்காமல் சொல்கிறது. 514 முட்டைகள் இட்டபின், இயற்கை விதித்தபடி, தனியே இறக்கிறது. அன்புக்குரிய பாத்திரம் என்பதற்காக வைட் அதை உயிரோடு வைத்திருக்கவில்லை. அதனால்தான் படிப்பவர் கண் கலங்குகிறது.

முடிவுரை

நண்பர்களே! நான் கண்ட விடை இதுதான். வளர்த்த விலங்கு கதையாவதற்கு அன்பு வேண்டும். ஆனால் அன்பு மட்டும் போதாது. பார்க்கும் கண் வேண்டும். அன்பு மட்டும் இருந்தால் விலங்கின் வாயில் நம் பேச்சைத் திணிப்போம். பார்வை மட்டும் இருந்தால் ஆய்வகக் குறிப்பேடுதான் மிஞ்சும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வீட்டு முயல் ஏட்டு முயலாகி நிலைத்து வாழ்கிறது. அறிவியல் மாணவருக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் மறுமொழி.

இப்போது கருப்பியை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை வேலியில் ஊன்றி, எட்டாத முருங்கைக் கொழுந்தை எட்டிப் பறிக்கும். அசை போடும்போது கீழ்த்தாடை ஒருபக்கமாகவே சுழலும். என் வேதியியல் நோட்டின் மூலையை ஒருமுறை தின்றிருக்கிறது. சந்தையில் கயிறு கைமாறியபோது அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கியவர் நீட்டிய அகத்திக் கட்டைத் தின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தவன் நான்தான். என் மனம் ஆறுவதற்காகவே அதைப் பேச வைத்தேன் என்பது இப்போது தெரிகிறது. இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். "இனி எழுது" என்றார்.