மருந்து அடிப்பவரின் ரத்தம்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் பக்கம் இன்னும் சில இடங்களில் ஒருபுறம் கம்பெனி மதிலும் மறுபுறம் ஏரிப்பாசனக் கழனியும் இருக்கின்றன. மதிலுக்குள் இரைச்சல் மிகுந்த பிரிவில் நிற்பவருக்குக் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சட்டம் சொல்கிறது. வெளியே நவரைப் பட்டத்தில் நெல்லில் புகையான் பூச்சிக்கு மருந்து அடிப்பவரின் உடம்பை யார் பார்ப்பது?

விதி இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் 37ஆவது விதி இதைப் பற்றியதுதான். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளிக்கு மாதம் ஒருமுறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும். தெளிப்பு வேலை செய்பவருக்கு வேலையில் சேரும் முன்பும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் மருத்துவப் பரிசோதனை. அதைப் பதிவேட்டில் எழுதியும் வைக்க வேண்டும். ஆனால் டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இன்றைக்கு ஒருவர் கழனியிலும் நாளைக்கு இன்னொருவர் கழனியிலும் அடிப்பவருக்கு முதலாளி யார்? பதிவேடு யார் வீட்டில் இருக்கும்?

கோலினெஸ்டரேஸை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்? நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் சேதி கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே உடைத்துப் போடுவது கோலினெஸ்டரேஸ் நொதியின் வேலை. ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து இந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். திறந்த மடையை மூட ஆளில்லாத கதைதான். வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வடியும், உடம்பு வியர்க்கும், கண்மணி சுருங்கும். முற்றினால் மூச்சு நிற்கும்.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தென்னிந்திய விவசாயிகள் 631 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. 88 விழுக்காட்டினர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் மருந்தைக் கையாண்டார்கள். யோசனை கேட்டதும் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரரிடம். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் சொன்ன உபாதை மிகுந்த வியர்வை. வெயிலில் வேலை செய்தால் வியர்க்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிகுறியை மட்டும் நம்பிக் கண்காணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சிறுகச் சிறுகப் படும் மருந்து ஒரு தொந்தரவும் காட்டாமலேயே நொதியைக் குறைத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் இந்த நொதியைத் தாங்கும் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. இழந்த நொதியை அது புதிதாகச் செய்துகொள்ளாது. புதிய அணுக்கள் வந்துதான் அளவு ஏற வேண்டும். ஓர் அணுவின் ஆயுளோ ஏறக்குறைய 120 நாள். அதற்குள் அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று மருந்து. கடைசியில் வழக்கமான ஒரு டேங்கே ஆளைச் சாய்த்துவிடக்கூடும்.

இந்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல். நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். மயங்கி விழுந்தபின் ஒரே ஒருமுறை எடுத்த எண் தெளிவாகப் பேசாது. மருந்து தொடுவதற்கு முன் எடுத்த எண்ணும் பக்கத்தில் வேண்டும். கலிபோர்னியா 1974இலேயே இதைச் சட்டமாக்கிவிட்டது. அங்கே அவரவர் தொடக்க அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 விழுக்காடு ஆகிவிட்டால் ஆளை மருந்து வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். நாம் ரத்தம் எடுப்பது ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் நம் பெரம்பலூரிலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இறந்தபோதுதான் தெளிப்பவர்களைப் பற்றியே பேச்சு எழுந்தது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இது எட்டாத காரியமில்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் சுற்றுச்சூழல் நலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் தெளிப்பவர்களுக்கு மட்டும், பட்டம் தொடங்கும் முன் ஒரு பரிசோதனையைச் சேர்க்கலாம்.

அதுவும் முழுத் தீர்வாகாது. பைரெத்ராய்டு, நியோனிகோட்டினாய்டு, பிப்ரோனில் போன்ற மருந்துகள் கோலினெஸ்டரேஸைத் தொடுவதில்லை. இந்தப் பரிசோதனையில் அவை தெரியாது. பைரெத்ராய்டின் சிதைபொருளைச் சிறுநீரில் தேடலாம். ஆனால் அது ஓரிரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். எனவே அடித்த மறுநாள் காலையிலேயே மாதிரி எடுத்தாக வேண்டும். அவர் அன்றைக்கு எந்தக் கழனியில் இருக்கிறார் என்று தெரிந்தால்.