பலசாலி யார்? நெய்வேலி சுரங்கம் சொல்லும் பாடம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகள் மெல்ல ஆரம்பிக்கிறாள்.

"அப்பா, சுரங்கத்து வேலைக்கு நானும் அப்ளிகேஷன் போடட்டுமா?"

"அது ஆம்பளைங்க பாக்குற வேலைம்மா. தூசி, வெயிலு, ராத்திரி ஷிப்ட்... பொம்பளப் புள்ள உடம்பு தாங்காது."

உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: "ஆண்டவன் படைச்சதே அப்படித்தானே. பலம் அவங்களுக்கு, பொறுமை நமக்கு!"

மகள் விடவில்லை. "அந்த மெஷினை நீங்க என்ன, கையாலயா தள்றீங்க?"

அப்பாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தப் பேச்சு எத்தனையோ வீடுகளில் நிஜமாகவே நடக்கிறது. ஆணும் பெண்ணும் உடம்பால் வேறு. அதனால்தான் வேலையும் அதிகாரமும் வேறு வேறாகப் பிரிந்தன என்று நம்மில் பலர் நம்புகிறோம். இதில் எவ்வளவு நிஜம்? பரிணாம அறிவியல் என்ன சொல்கிறது? பார்ப்போமா?

உடம்பில் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஒளிக்க வேண்டியதில்லை. சராசரியாகப் பார்த்தால் ஆண் பெண்ணைவிட 7, 8 சதவீதம் உயரம். பெண்ணின் தோள், கை பலம் ஆணுடையதில் ஏறக்குறைய 50 முதல் 60 சதவீதம். கால் பலத்தில் இடைவெளி இன்னும் குறைவு.

ஏன் இப்படி? அமெரிக்க உயிரியல் அறிஞர் ராபர்ட் ட்ரைவர்ஸ் 1972-ல் ஒரு விளக்கம் தந்தார். பத்து மாதம் சுமப்பது, பால் கொடுப்பது என்று பிள்ளைக்காகத் தாயின் உடம்பு செய்யும் முதலீடு ரொம்பப் பெரிசு. எந்த உயிரினத்தில் இந்த முதலீடு பெண்ணிடம் அதிகமோ, அங்கே துணை தேடி ஆண்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். மோதலில் ஜெயிக்க உடம்பு பெரிதாகும். கொரில்லாவில் ஆண், பெண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. மனிதரில் இடைவெளி அதைவிட எவ்வளவோ சிறிசு. சண்டையைவிடச் சேர்ந்து வாழ்வது நம் முன்னோருக்கு அதிகம் உதவியிருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இதிலும் 'சராசரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் தெருவிலேயே பல ஆண்களைவிட பலமான பெண் ஒருத்தியாவது இருப்பாள்.

யார் பலவீனம்?

மூட்டை தூக்குவது மட்டும் பலம் என்றால் ஆண் பலசாலி. நோயைத் தாங்கி உயிர் பிழைப்பது பலம் என்றால்? அங்கே பெண்தான் முன்னால் நிற்கிறாள். பிறந்த குழந்தைகளில் பெண் சிசுவே நோயை நன்றாகத் தாங்குகிறது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதும், நோய் எதிர்ப்பு சக்தி கூடுதலாக இருப்பதும் முக்கிய காரணங்கள் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கொடும் பஞ்சங்களின் கணக்குகளிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிக காலம் பிழைத்தது தெரிகிறது.

அப்படி வலுவாகப் பிறக்கும் பெண் சிசுவைக் காப்பாற்ற, நம் தமிழ்நாட்டிலேயே 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது! இயற்கை தந்த பலத்தையும் சமூகம் தோற்கடிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஹார்மோன் சொல்வதே சட்டமா?

"ஆம்பளைக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகம். அதான் கோபம், போட்டி எல்லாம். என்ன செய்யறது?" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஹார்மோன் என்ன, கல்லில் எழுதிய எழுத்தா? பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரப் பகுதியில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு 2005-லும் 2009-லும் இந்த ஹார்மோனை அளந்தார்கள். இடையில் கல்யாணமாகி அப்பாவானவர்களுக்கு அளவு நன்றாகவே இறங்கியிருந்தது. தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்த அப்பாக்களுக்கு மற்ற அப்பாக்களைவிடக் குறைவாக இருந்தது. ஆக, பிள்ளை வளர்ப்பதற்கும் ஆணின் உடம்பு தயாராகவே இருக்கிறது!

போட்டி மனப்பான்மையும் அப்படித்தான். மேகாலயாவின் காசி மக்களிடம் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். தான்சானியாவின் மாசாய் மக்களிடம் ஆண் வைத்ததே சட்டம். இரு இடத்திலும் பந்தை வாளிக்குள் எறியும் ஒரே விளையாட்டை நடத்தினார்கள். இன்னொருவரோடு போட்டியிட்டு ஜெயித்தால் கூடுதல் பணம் என்றதும், மாசாயில் ஆண்கள் அதிகமாகப் போட்டிக்கு வந்தார்கள். காசியிலோ பெண்கள்தான் அதிகம்! 2009-ல் வெளியான ஆய்வு இது.

பாட்டிக்கும் பங்கு உண்டு

'ஆண் வேட்டையாடிக் கொண்டுவந்தான், பெண் குகையில் காத்திருந்தாள்' என்ற பழைய கதையும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்ஸா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் தங்கி ஆராய்ந்தார்கள். மகள் கைக்குழந்தையோடு இருக்கும்போது மூத்த பிள்ளைகளின் வயிற்றை நிரப்புவதில் பாட்டி தோண்டும் கிழங்குக்குப் பெரிய பங்கு இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண் பல வருஷம் வாழ்வது ஏன் என்பதற்கு இதையே விடையாகச் சொல்கிறார்கள். குடும்பத்துக்குச் சோறு போட்டவர்களில் பாட்டியும் ஒருத்தி!

அப்படியானால் அதிகாரம் எப்படி வந்தது?

உடம்பிலிருந்து நேராக வரவில்லை. கருவியும் சொத்தும் சட்டமும் யார் கையில் என்பதைப் பொறுத்து வந்தது. கனமான ஏர் வந்த இடங்களில் விவசாயம் ஆண் கைக்குப் போனது என்று பொருளாதார அறிஞர் எஸ்தர் போஸரப் 1970-ல் எழுதினார். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேச்சுக்குத்தான் வீட்டில் மதிப்பு. அதை மாற்றியதும் சட்டம்தான். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைத்தது.

சுரங்கத்தின் கதை இன்னும் சுவாரசியம். ஒரு காலத்தில் வங்காளம், பீகார் நிலக்கரிச் சுரங்கங்களில் கணவன் கரி வெட்ட, மனைவி அதைக் கூடையில் சுமந்தாள். 1929-ல் வந்த விதிகள் பெண்களைப் படிப்படியாகத் தரைக்கு மேலே அனுப்பின. ஆபத்தான இடம் என்ற அக்கறையும் அதில் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் கரி தட்டுப்பாடு வந்ததும் 1943-ல் தடையைத் தளர்த்தினார்கள். 1946-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். மூன்று வருஷத்தில் பெண்ணின் உடம்பா மாறியது? மாறியது தேவை!

1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டமும் பெண்களைத் தரைக்கடியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. தரைக்கு மேலே என்றாலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான். 2019-ல்தான் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, குறைந்தது 3 பெண்கள் சேர்ந்த குழுவாக, திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு வேலைக்கு வைக்கலாம் என்றது.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம்தான். 1957-ல் நேரு தொடங்கிவைத்த இந்தச் சுரங்கத்தில் 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களில் பெரியவற்றின் ஒவ்வொரு வாளியும் 1400 லிட்டர் கொள்ளும். எந்த பயில்வானின் தோளும் அதைத் தூக்காது. வேண்டியது கவனம், பயிற்சி, நிதானம்.

சரி, பக்கத்தில் பண்ருட்டிக்குப் போய்ப் பாருங்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கைத்தோலைப் பொசுக்கிவிடும். 'பொம்பள உடம்பு தாங்காது' என்று அங்கே யாரும் சொல்வதில்லை!

சர்க்கரை ஆசையும் இயற்கைதானே?

'இயற்கையில் இருக்கிறது, அதனால் சரி' என்பது தப்புக் கணக்கு. இனிப்பின் மேல் நமக்குள்ள ஆசையும் பரிணாமம் தந்ததுதான். அதற்காகச் சர்க்கரை நோயாளியிடம் எந்த டாக்டராவது "ஜிலேபி சாப்பிடுங்க" என்பாரா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் 289 நிமிஷம் செலவிடுகிறாள். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்? 88 நிமிஷம்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மாதவிடாய், பிரசவம் என்று இரும்புச்சத்து போகிற உடம்புக்கு, எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியது கிடைத்தால் களைப்புதானே வரும்? அந்தக் களைப்பைப் பார்த்து "பொம்பளைக்குத் தெம்பு கிடையாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். முருங்கைக்கீரையும் பயறும் வீட்டுப் பெண்களின் தட்டிலும் விழட்டும்; கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். காபி, டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். மூச்சு வாங்குதல், தீராத களைப்பு இருந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையைப் பங்கு போடுங்கள், மகனுக்கும் சேர்த்து!

அந்த நெய்வேலி அப்பா காபியைக் குடித்து முடித்துவிட்டார். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு மகளிடம் கேட்கிறார்:

"அப்ளிகேஷனுக்குக் கடைசி தேதி என்னிக்கும்மா?"