பிறவிக் குணமும் தேன்கூடும்

"சாமி, இவன் பிறவியிலேயே இப்படித்தான்; தகப்பன் இரத்தம். இவனைத் திருத்த முடியுமா?" மகனை அருகில் நிறுத்திக்கொண்டு ஒரு தாய் நம்மிடம் இவ்வாறு கேட்டார். மறுமொழி கூறுமுன் நம் சிந்தை தேனீக்கள்பால் சென்றது.

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் எள்ளும் பூக்கும் நாட்களில் காவிரிக் கரையிலே தேனீக்களின் ரீங்காரம் கேளாதார் யார்? கற்பிப்பார் எவருமின்றியே அவை அடை கட்டுகின்றன, குஞ்சுகளைப் பேணுகின்றன. பிறவிக் குணத்திற்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ?

தேனீயின் பிறப்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர் ஒரு பங்குக்குருவே. சிலேசியா நாட்டைச் சேர்ந்த ஜியர்சோன் என்பார், ஆண் தேனீக்கள் தந்தையின்றிக் கருவுறாத முட்டையினின்று தோன்றுகின்றன என்று 1845-இல் எழுதினார். ஆணுக்கு 16 குரோமோசோம்களும் பெண்ணுக்கு 32-உம் உள்ளன என இன்று அறிகிறோம். பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் துறவியும் தேனீக்களைக் கலப்பினம் செய்ய முயன்றார். இராணித் தேனீ வானில் பறந்தே ஆண்களுடன் கூடுவதால் அம்முயற்சி கைகூடவில்லை. நமக்கு அண்மையிலே, திருச்சியில், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூட்டன் எனும் குருவானவர் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வகுத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

1964-இல் அமெரிக்க அறிஞர் ரோத்தன்பூலர் வெளியிட்ட ஆராய்ச்சி வியப்புக்குரியது. சில கூடுகளில், நோயால் இறந்த புழுவின் அறை மூடியைத் தேனீக்கள் திறந்து, பிணத்தை அகற்றிக் கூட்டைக் காக்கும். வேறு சில கூடுகளில் வாளாவிருக்கும். இவ்விரு வகையையும் அவர் கலந்து வளர்த்தார். வழித்தோன்றல்களுள் சில மூடியைத் திறந்தன. ஆனால் பிணத்தை அகற்றவில்லை. வேறு சில திறக்கவே இல்லை. எனினும் அவர் தம் கையால் மூடியை நீக்கிக் கொடுத்தபோது, பிணத்தை இழுத்து வெளியே போட்டன! திறத்தலும் அகற்றலும் தனித்தனியே மரபுவழி வருவன என்று இதனால் புலனாயிற்று. இவற்றில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அப்படியாயின் அந்தத் தாய் கூறியது சரிதானா? பொறுங்கள். இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையினின்றே பிறக்கின்றன. முதல் மூன்று நாட்கள் இரண்டிற்கும் அரச கூழே உணவு. பின்னர் வேலைக்காரத் தேனீயாக வேண்டிய புழுவுக்கு மகரந்தமும் தேனும் கலந்து ஊட்டுவர். இராணியாக வேண்டியதற்கோ தொடர்ந்து அக்கூழே. ஒன்று சில கிழமைகளில் உழைத்து மடிகிறது. மற்றது ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகிறது. மரபணு ஒன்றே, ஊட்டிய கை வேறு. அவ்வுணவு எந்த மரபணுக்கள் விழித்தெழ வேண்டும், எவை உறங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது என்று 2008-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் காட்டினர்.

புழு தன் உணவைத் தேர்ந்துகொள்வதில்லை. நம் குழந்தைகளும் தாம் பிறக்கும் வீட்டைத் தேர்ந்துகொள்வதில்லை. ஆனால் மனிதன் தேனீ அல்லன். அவனுக்கு அறிவும் உரிமையுள்ள மனமும் உண்டு. தன்னைத் தானே திருத்திக்கொள்ள வல்லவன் அவன்.

அந்தத் தாயிடம் நாம் கூறியது இதுவே: "அம்மா, இவன் தகப்பனிடம் பெற்றதை நீங்கள் மாற்ற இயலாது. நாள்தோறும் நீங்கள் இவனுக்கு ஊட்டுவதை மாற்றலாம். 'பிறவியிலேயே இப்படி' என்ற சொல்லையும் இவனுக்கு ஊட்டித்தானே வருகிறீர்கள்? இன்று முதல் அதை நிறுத்துங்கள்."

பையன் தலைநிமிர்ந்து நம்மைப் பார்த்தான்.