போதகருக்கு எங்கே போவது?

லிவர்மோர் போன்ற ஊர்களில் நம்மவர் நாலு குடும்பம் கூடித் தமிழ் ஆராதனை தொடங்கினால், முதலில் எழும் கேள்வி இதுதான். இதற்கு விடை வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் ஊழியத்தில் இருக்கிறது.

1874-இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் உருவாகப் பாடுபட்டார். பிறகு தெலுங்கு கற்று, தோர்ணக்கல் பகுதிக்கே ஊழியராகப் போனார். 1910 எடின்பரோ மாநாட்டில், 'தியாகங்கள் செய்தீர்கள்; அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்ற கருத்தை மேல்நாட்டாரிடம் துணிந்து சொன்னார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

பேராயரானபின் அவர் செய்தது என்ன? வெளியிலிருந்து ஆள் வரக் காத்திராமல், கிராமத்தாரையே உபதேசிமாராகப் பயிற்றுவித்தார்; அவர்கள் மனைவியரையும் விட்டுவிடவில்லை. ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தி சொல்வது தம் கடமை என்று அறிக்கையிடச் செய்தார். ஊழியம் ஒருவர் தோளில் மட்டும் நிற்கவில்லை, சபை வளர்ந்தது.

எல்லாவற்றையும் தாமே செய்கிற போதகர் ஊர் மாறினால் சபை தடுமாறும். பிறரைப் பழக்கிப் பொறுப்பை ஒப்படைப்பவரே நல்ல மேய்ப்பர். போதகரைத் தேடுமுன், நம் நடுவே யாரைப் பழக்கலாம் என்று பார்ப்போமா?